சும்மா முகம்

அடுத்தவர் தலையில் கைவைத்துப் பிழைப்பவர்களில் நல்லவர்களும் உண்டு. முடியக்கா அந்த ரகம்.

பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் மனித வேறுபாட்டு ஆய்வு நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் முடியக்காதான். மனிதனுக்கு மனிதன் எதில் வேறுபடுகிறான், எதில் ஒன்றாக இருக்கிறான் என்று மூன்று மாடிகளில் மூன்று கூட்டம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கட்டடம் அது. மேல்மாடியில் இருந்தவர்கள் எச்சிலையும் இரத்தத்தையும் குடுவையில் போட்டுக் குலுக்குகிறவர்கள். எச்சில்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். நடுமாடியில் இருந்தவர்கள் நாடு நாடாகப் போய், எந்த மக்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள்; அவர்கள் ஊர்சுற்றிகள். தரைத்தளத்தில் படம் காட்டி, கேள்வி கேட்டு மனத்தை அளக்கிறவர்கள் மூஞ்சிக்காரர்கள். இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தவர் நிலையத்தின் கார் ஓட்டுநர். இயக்குநருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

முடியக்காவின் வேலை சின்ன வேலை. ஆய்வுக்கு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, பின்மண்டையில் முடியை வகிர்ந்து, தீக்குச்சி கனத்துக்கு ஒரு கொத்தைப் பிரித்து, தலைத்தோலை ஒட்டி நூலால் கட்டுவாள். தோல் படாமல் கத்திரிக்கோலால் ஒரே வெட்டு. வெட்டியதை வெள்ளித்தாளில் நீட்டிவைத்து, வேர்ப்பக்கம் எது என்று குறியிட்டு மடித்து மேலே அனுப்புவாள். மனசு கலங்கும்போதெல்லாம் உடம்பில் ஊறுகிற ஏதோ ஒன்று முடியிலும் படிந்துவிடுமாம். நுனி பழைய மாதம், வேர் புது மாதம் என்று முடியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தால் எந்த மாதம் நிம்மதியாக இருந்தோம், எந்த மாதம் நொந்துகிடந்தோம் என்று சொல்லிவிடுவார்களாம். "நாக்கு பொய் சொல்லும், முடி சொல்லாது" என்பார் மேல்மாடி டாக்டர்.

எத்தனையோ தலைகளைப் பார்த்தவள் அவள். அச்சகத்தில் வேலை பார்த்த கணவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தபோது மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஓர் அழகு நிலையத்தில் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். கூட்டிக்கொண்டே பார்த்தாள், பார்த்துக்கொண்டே கற்றாள். ஒருநாள் முதலாளியம்மாவுக்குக் கை சுளுக்கியபோது கத்திரிக்கோல் இவள் கைக்கு வந்தது. நின்று நின்று கால் நரம்பு கயிறாய்ப் புடைத்தது. அந்தக் காலில் நின்றுதான் மகனை மருந்தியல் படிக்க வைத்தாள். பிறகு அழகு நிலையம் மூடப்பட்டது. "தலையில் காயம் படாமல் வெட்டத் தெரிந்தவர் தேவை" என்று இந்த நிலையத்தில் கேட்டார்கள், வந்துவிட்டாள்.

மகன் இன்று சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருவில் அவனைப் புகழாத வாய் இல்லை. குரலை உயர்த்த மாட்டான். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுப்பான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா? குடுத்துவச்சவங்க நீங்க" என்று சொல்லும்போதெல்லாம் முடியக்கா தலையசைப்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவள் குஞ்சையோ ஊரே பொன் என்றது. அப்புறம் அவளுக்கு என்ன குறை?

போன ஆண்டு மூஞ்சிக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. நடிகர்களை வைத்து எடுத்த படங்கள் வேண்டாம், சாதாரண மனிதர்களின் முகங்கள் வேண்டும் என்று நிலையத்தில் வேலை செய்கிறவர்களையே உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். கோபம், மகிழ்ச்சி, துக்கம், அருவருப்பு, வியப்பு, பயம் என்று ஒவ்வொன்றாக முகத்தில் காட்ட வேண்டும். கடைசியில் எதுவுமே இல்லாமல் ஒன்று. சும்மா முகம்.

பயத்துக்கு முடியக்கா கண்ணை உருட்டி, வாயை 'ஆ'வென்று திறந்ததில் படக்காரர் கேமராவை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, பாம்பைப் பாத்த மாதிரி இருங்கன்னா, பாம்பை முழுங்கின மாதிரி இருக்கீங்களே!"

"போங்க தம்பி, எனக்கு இதெல்லாம் வருமா?"

"சரி, கடைசி ஒன்னுதான். சும்மா முகம். ஒன்னுமே நினைக்காதீங்க. சாயங்காலம் வீட்டுல ஹாயா உக்காந்திருக்கீங்கன்னு வச்சுக்கங்க."

முடியக்கா வீட்டை நினைத்துக்கொண்டாள். கேமரா கண் சிமிட்டியது. அவ்வளவுதான். அந்த முகம் கடல் தாண்டிப் போயிற்று.

ஊர்சுற்றிகளின் தலைவியை எல்லோரும் ஊர்சுற்றி அம்மா என்றே அழைத்தார்கள். அவரும் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டிருந்தார். முகத்தைப் படிப்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு, எல்லா மனிதர்களும் ஒரேமாதிரி படிப்பதில்லை என்பது அவர் வாழ்நாள் வாதம். படங்களை எடுத்துக்கொண்டு கடற்கரை, பாலைவனம், மலை, நகரத்துக் கல்லூரி என்று சுற்றிவிட்டு வந்தவர், தேநீர் நேரத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம டிரைவரோட கோவ மூஞ்சியை மேய்ச்சல்காரங்ககிட்ட காட்டினேன். 'பாவம், பல்வலி'ன்னுட்டாங்க."

"அன்னைக்கு எனக்கு நிஜமாவே பல்வலிங்க" என்றார் ஓட்டுநர்.

"காவலர் சிரிக்கிற படத்தை ஒரு ஊர்ல பாத்துட்டு, 'இவன் எதையோ திருடிட்டு நிக்கிறான்'ங்கிறாங்க."

காவலர் முகம் போன போக்கைப் பார்த்து அறையே அதிர்ந்தது.

"நம்ம முடியக்காவோட பயத்தை யாருமே பயம்னு சொல்லல. 'இவங்க பாட ஆரம்பிக்கிறாங்க'ன்னு ஒரு ஊர்ல. 'கொட்டாவி'ன்னு இன்னொரு ஊர்ல."

முடியக்காவும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கேட்டும் விட்டாள்.

"அந்தச் சும்மா முகத்துக்கு என்ன மேடம் சொன்னாங்க?"

ஊர்சுற்றி அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கோப்பையை மேசையில் வைத்தார்.

"அதைப் பத்தி நாளைக்குப் பேசலாம் அக்கா."

மறுநாள் இயக்குநரின் அறைக்குள் முடியக்கா நுழைந்தபோது மூன்று மாடிகளும் அங்கே உட்கார்ந்திருந்தன. மூன்று கூட்டமும் ஒரே அறையில் உட்கார்ந்து அவள் பார்த்ததேயில்லை. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

"பயப்படாதீங்க, உக்காருங்க" என்றார் இயக்குநர்.

ஊர்சுற்றி அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "அக்கா, நான் இத்தனை வருஷமா சொல்லிட்டு வர்றது என்ன? மூஞ்சியை ஊருக்கு ஊர் வேற மாதிரி படிப்பாங்கன்னுதானே. மத்த படம் எல்லாத்துலயும் அப்படித்தான் வந்திருக்கு. ஒரே ஒரு படத்துல மட்டும் எல்லா ஊரும் ஒரே பதில் சொல்லியிருக்கு. உங்க சும்மா முகத்துல."

"என்ன பதில் மேடம்?"

"பயம்."

முடியக்கா சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

"மீன் கழுவிக்கிட்டிருந்த ஒரு அம்மா படத்தைக் கையில வாங்கிப் பாத்தாங்க. அப்புறம் திருப்பிப் பின்பக்கம் பாத்தாங்க. என்னம்மா தேடுறீங்கன்னு கேட்டா, 'இவளுக்குப் பக்கத்துல நிக்கிறது யாரு? அவனைக் காணோமே'ன்னாங்க."



மேல்மாடி டாக்டருக்குக் கண்கள் பளபளத்தன. நல்ல மனிதர்தான். ஆனால் பசித்தவனுக்குப் பந்தி தெரிந்த மாதிரி ஒரு ஆவல். "அக்கா, உங்க முடியிலயும் ஒரு கொத்து எடுத்துப் பாத்துடலாமா? முகம் ஒன்னு சொல்லுது. முடி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சா..."

முடியக்காவின் கை தன்னையறியாமல் பின்மண்டைக்குப் போயிற்று. ஊரார் தலையிலெல்லாம் கத்திரி வைத்தவள், தன் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"வேணாம் டாக்டர்."

"சும்மா ஒரு..."

"வேணாம்னு சொல்றேன்ல!"

அந்தக் கட்டடத்தில் அவள் குரல் உயர்ந்தது அதுவே முதல் முறை. உயர்த்தியவளே திடுக்கிட்டுப்போனாள்.

படம் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, வேறு படம் எடுத்துப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. படக்காரர் பின்திரையை மாற்றினார், விளக்கை மாற்றினார். வேடிக்கைப் பேச்சு ஏதும் பேசவில்லை.

"அக்கா, ஒன்னும் நினைக்காதீங்க. போன தடவை மாதிரியே. வீட்டை நினைச்சுக்கங்க."

முடியக்கா வீட்டை நினைத்தாள். சாயங்காலம். சோபா. நான்காவது மாடி. லிப்ட் கதவு திறக்கும் சத்தம். செருப்புகள் சுவரைப் பார்த்து நேராக இருக்கின்றனவா? சமையலறைத் துணி மடிந்திருக்கிறதா? தொலைக்காட்சியை அணைத்தோமா? பார்த்தது தெரியாதபடி அதன் சூடு ஆறியிருக்கிறதா? சாவி பூட்டில் நுழைகிறது...

கேமரா கண் சிமிட்டியது. படக்காரர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார்.

"போதும்க்கா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றவர், என்ன நினைத்தாரோ, "இல்ல... ஒரு டீ குடிச்சுட்டுப் போங்களேன்" என்றார்.

பெற்ற பிள்ளையைக் கண்டு ஒரு தாய் நடுங்குவாளா? நடுங்கினாலும் அதற்கு நடுக்கம் என்று பெயர் வைப்பாளா? மாட்டாள். ஒழுங்கு என்பாள். 'என் பிள்ளைக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும்' என்பாள். முடியக்காவும் அப்படித்தான் சொல்லிவந்தாள், ஊருக்கும் தனக்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்றாள். தினம் பார்க்கிற முகம்தான். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பு, காதோரம் நரை. பயம் எங்கே இருக்கிறது? கண்ணிலா, உதட்டிலா? தேடத் தேட அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மீனுக்குத் தண்ணீர் தெரியுமா?

கீழே லிப்ட் கதவு மூடியது. அந்தச் சத்தம் காதில் விழுந்த அதே நொடியில் கண்ணாடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். புருவத்தின் நடுவில் ஏதோ சுருங்கியது. தாடை இறுகியது. கழுத்து ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. அவள் ஒன்றும் செய்யவில்லை. முகம் தானாகவே செய்துகொண்டது. பல வருடமாக ஒரே வேலையைச் செய்துவந்த கை, எஜமானனைக் கேட்காமலே செய்வதைப் போல.

அம்மாடி! இதுவா? இதைத்தான் அந்த மீன்காரம்மா பார்த்தாளா?

"அம்மா, பாத்ரூம்ல என்ன பண்றே?" மகன் கதவருகே நின்றான். இதமான குரல்.

"ஒன்னும் இல்லப்பா. மூஞ்சி கழுவினேன்."

"தண்ணிச் சத்தம் கேக்கலையே."

அவள் குழாயைத் திறந்தாள். திறந்த பிறகுதான் தான் செய்த காரியம் புரிந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். இவள் சாப்பிடவில்லை, அவன் முதல் வாய் வைக்கும்வரை எப்போதும் சாப்பிட மாட்டாள். அவன் மென்று விழுங்கினான். எதுவும் சொல்லவில்லை. அதனால் இவள் மூச்சு விட்டாள்.

"பொண்ணு வீட்டுல இருந்து பேசினாங்க. கல்யாணத்தை அடுத்த மாசமே வச்சுக்கலாம்னாங்க" என்றான்.

"நல்லதுப்பா. சிட்டு தங்கமான பொண்ணு."

சிட்டு என்பது அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா வைத்த செல்லப் பெயர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் ஒரே மகள். மழலைப் பள்ளியில் ஆசிரியை. அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும்.

"நல்ல பொண்ணுதான்" என்றான் மகன். தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் ஒதுக்கினான். "கொஞ்சம் அதிகமாச் சிரிக்கிறா. பரவால்லம்மா. நம்ம வீட்டுக்கு வந்தா கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

அவன் புன்னகைத்தான். பார்க்கிற யாரும், என்ன அன்பான பிள்ளை என்றுதான் சொல்வார்கள். முடியக்காவுக்கு மட்டும் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. தானும் ஒரு காலத்தில் சத்தமாகச் சிரித்தவள்தான். அழகு நிலையத்தில் இவள் சிரிப்புக்காகவே வாடிக்கையாளர்கள் வருவார்கள். அந்தச் சிரிப்பு எப்போது சரியாயிற்று?

அடுத்த வாரம் சிட்டு சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வு நிலையத்துக்கே வந்து நின்றாள். பள்ளி விடுமுறையாம், வருங்கால மாமியார் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க ஆசையாம்.

"அத்தை, என் முடியையும் வெட்டுங்க! நானும் ஆராய்ச்சிக்குக் குடுக்குறேன். ஆனா வழுக்கை ஆக்கிடாதீங்க, அப்புறம் உங்க பிள்ளை வேற பொண்ணு பாத்துடுவாரு" என்று அவளே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

முடியக்கா பின்னால் நின்று முடியை வகிர்ந்தாள். அடர்த்தியான, இளம் முடி. வேர் நல்ல உறுதி. விரல்கள் தலைத்தோலில் பட்டதும் அந்தப் பெண்ணின் தோள்கள் தளர்ந்தன. அழகு நிலையக் காலத்திலிருந்தே முடியக்கா கண்ட உண்மை இது: பின்னால் நிற்பவரிடம் மனிதர்கள் முகம் பார்த்துப் பேச முடியாததையெல்லாம் பேசுவார்கள்.

"அத்தை, ஒன்னு கேக்கவா? அவருக்குக் கோவம் வந்தா எப்படி இருப்பாரு? நான் பாத்ததே இல்ல. கோவமே வராத ஆளு உண்டான்னு எங்கப்பா கேக்குறாரு. பிரேக் பிடிச்சுப் பாக்காத வண்டியில ஏறாதேங்கிறாரு."

"அவனுக்குக் கோவமே வராதும்மா" என்று முடியக்காவின் நாக்கு சொல்லிற்று. எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய வாக்கியம்.

"நானும் அதைத்தான் சொன்னேன். அவரு சொல்றதெல்லாம் நல்லதுக்குத்தான் இருக்கும். என் கூடவே படிச்சவ ஒருத்தி, அவ சரியில்லைன்னாரு. பாத்தா நிஜமாவே சரியில்லத்தை. பேச்சை விட்டுட்டேன். பாட்டு கிளாஸ் போய்ட்டிருந்தேன், அது எதுக்கு இப்பன்னாரு. அதுவும் சரிதானே? ஒரு நாள் போன் எடுக்க லேட்டாயிடுச்சு. திட்டவே இல்ல அத்தை, ரெண்டு நாள் பேசாம இருந்தாரு, அவ்வளவுதான். எனக்குத்தான் சோறு இறங்கல. இப்பல்லாம் போனைக் கையிலேயே வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிட்டு சிரித்தாள்.

சிரிப்பு தெருமுனைக்குக் கேட்கவில்லை. இந்த அறையின் கதவைக்கூடத் தாண்டவில்லை.

முடியக்காவின் கத்திரிக்கோல் அந்தரத்தில் நின்றது. இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை! இந்தத் தலையின் முடியை இன்றைக்கு வெட்டினால் நுனியில் நிம்மதி இருக்கும்; வேரில் என்ன இருக்கும்?

ஒரு பக்கம் பெற்ற வயிறு. 'அவன் உன் பிள்ளை. அவன் வாழ்க்கையில் நீயே மண்ணை அள்ளிப் போடுவாயா?' என்று அது கேட்டது. மறுபக்கம் கைக்குக் கீழே ஓர் ஊரான் வீட்டுப் பெண்ணின் சூடான தலை. வாயைத் திறந்தால் மகன் போய்விடுவான். மூடினால் இவள் போய்விடுவாள். இரண்டுக்கும் நடுவில் நின்றவளுக்குக் கால் நரம்புகள் துடித்தன.

கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். வெட்டவில்லை. சுற்றி வந்து சிட்டுவின் முன்னால் உட்கார்ந்து, அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, என் முகத்தைப் பாரு. நான் சிரிக்கல, அழல. சும்மா இருக்கேன். உனக்கு என்ன தெரியுது?"

சிட்டு பார்த்தாள். விளையாட்டென்று நினைத்துத்தான் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் புன்னகை வற்றிற்று.

"அத்தை... உங்களுக்கு உடம்பு சரியில்லையா? யாராவது... ஏன் இப்படிப் பயந்து..."

"ஒரு நாள் குழம்புல உப்பு கூடிப்போச்சு. அவன் ஒன்னும் சொல்லல. 'அம்மா, துணி காயுதான்னு பாரு'ன்னான். பால்கனிக்குப் போனேன். உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுட்டான். நல்ல மழை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உக்காந்து டிவி பாத்தான். நான் தட்டல கண்ணு. தட்டினா அக்கம்பக்கத்துல அவனைத் தப்பா நினைப்பாங்களேன்னு தட்டல. ரொம்ப நேரம் கழிச்சுக் கதவைத் திறந்து, துண்டு எடுத்துக் குடுத்து, சூடாப் பாலும் குடுத்தான். 'என்னம்மா இப்படி நனைஞ்சுட்டே'ன்னு கேட்டான். நிஜமாவே அக்கறையாக் கேட்டான். அதுதான் எனக்கு..."

அதற்குமேல் வரவில்லை. பூனை ஒன்று வளர்த்தாள். அது ஒருநாள் இல்லை. பழைய தோழிகளின் எண்கள் போனில் இருந்தன, ஒருநாள் இல்லை. எதையும் சொல்ல முடியவில்லை.

"நீங்க அவரோட அம்மா" என்றாள் சிட்டு. குற்றம் சாட்டுகிற குரலா, கெஞ்சுகிற குரலா என்று பிரித்தறிய முடியவில்லை.

"ஆமாம்மா. அம்மாதான். இப்பவும் அவனுக்கு ஒன்னுன்னா என் உசுரு போயிடும். அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல."

சிட்டு கைகளை உருவிக்கொண்டாள். பையை எடுத்தாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்; பிறகு போய்விட்டாள். நம்பினாளா, வெறுத்தாளா? முடியக்காவுக்குத் தெரியாது. அடுத்த சில நாட்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மிகவும் ஒழுங்காக.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, சாப்பிட்டியா?" என்றான் மகன்.

"சாப்பிட்டேன்பா."

"சிட்டுவோட அப்பா கடைக்கு வந்தாரு. கல்யாணம் வேணாமாம். காரணம் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினான். பின்னால் யாரோ மருந்து கேட்பதும், அவன் கனிவாக "ஒரு நிமிஷங்க" என்பதும் கேட்டன. "போன வாரம் அவ உன் ஆபீசுக்கு வந்தாளாமே. நீ சொல்லவே இல்லையேம்மா."

முடியக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பரவால்ல. சாயங்காலம் நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். வீட்டுல உக்காந்து பேசுவோம்."

அன்று மத்தியானம் வந்தவர்கள் யாருக்கும் அவளால் முடி வெட்ட முடியவில்லை. ஊர்சுற்றி அம்மா தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். முடியக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றார். உலகமெல்லாம் அந்த முகத்தைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தவர், அவளிடம் மட்டும் அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, பக்கத்துல நிக்கிறது யாரு?"

முடியக்கா சொன்னாள். ஒரே வார்த்தை. "பிள்ளை."

ஊர்சுற்றி அம்மா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "இன்னைக்கு என்கூட வாங்க. என் வீட்டுல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு" என்றார்.

மாலையில் மகன் வந்தான். சலவைச் சட்டை, கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட். காவலருக்கு முட்டிவலித் தைலம் கொண்டுவந்திருந்தான். எப்போதோ அவர் கேட்டிருந்தாராம். காவலர் உருகிப்போனார். வரவேற்பறையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து பேசினார்கள்.

"வாம்மா, போகலாம்."

முடியக்கா படிக்கட்டின் கீழே நின்றாள். ஊர்சுற்றி அம்மா அவள் பக்கத்தில் நின்றார். பிள்ளையைப் பார்த்ததும் கால்கள் தாமாக முன்னே போயின, பழகிய கால்கள். அவற்றை நிறுத்த அவள் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நான் வரலப்பா."

"என்னம்மா?"

"இன்னைக்கு நான் வரல."

பேச்சுச் சத்தம் அடங்கிற்று. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவனை அல்ல. எல்லார் கண்ணிலும் ஒரே கேள்வி: இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

மகன் கோபப்படவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எந்த நாட்டுக்காரனிடம் அந்த முகத்தைக் காட்டினாலும் பாசம் என்றுதான் சொல்லியிருப்பான்.

"எத்தனை நாளைக்கும்மா?" என்றான்.

அவள் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சரிம்மா. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா. நான் காத்திருக்கேன்." அருகில் வந்தான். கைப்பிடியைப் பற்றியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தபடியே, பக்கத்தில் நின்ற ஊர்சுற்றி அம்மாவைப் பார்த்தான். "மேடம் வீடு எங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க அப்பாவுக்கு மாத்திரை நான்தானே அனுப்புறேன்."

ஊர்சுற்றி அம்மாவின் கை முடியக்காவின் தோளை இறுக்கிப் பிடித்தது.

நிலையத்தின் கார் வாசலுக்கு வந்தது. இருவரும் பின்னிருக்கையில் ஏறினார்கள். மகன் கூடவே நடந்து வந்தான். கதவுக்கு வெளியே தொங்கிய அம்மாவின் பை வாரை எடுத்து உள்ளே வைத்தான். "பாத்தும்மா, மாட்டிக்கும்" என்றான். சத்தமே வராமல் கதவைச் சாத்தினான். பிஸ்கட் பொட்டலத்தை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தான்.

வண்டி நகர்ந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் ஒரு பிள்ளை இருக்கான், தண்டச்சோறு. இப்படித் தங்கம் மாதிரி ஒரு பிள்ளையை விட்டுட்டு எங்கக்கா போறீங்க?"

வாசலில் மகன் கையை உயர்த்தியபடி நின்றிருந்தான். கார் திருப்பத்துக்குப் போகும்வரை அந்தக் கை இறங்கவில்லை. முடியக்கா மடியிலிருந்த பொட்டலத்தைத் தொடாமல், ஓட்டுநரின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியை வேகமா ஓட்டுங்க" என்றார் ஊர்சுற்றி அம்மா. "என் வீட்டுக்கு வேணாம். வேற எங்கயாவது."